ஆடுவது ரேடியோதான்

ஜனவரி 5, ஞாயிறு

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிட்டால் மீதியை எழுத லேசாக இருக்கும். எனக்கு ஐம்பத்து நாலு வயது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். நான் பொம்மைக் கார் ஓட்டுகிறேன்.

இன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கூடத்தில் கிடந்த காரை என் வீட்டுக்காரி தனக்கொடி தூக்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். ரிமோட்டைச் சோபா மெத்தைக்கு அடியில் செருகினாள். இரண்டையும் அணைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அப்பா கனமான ஆள். அவர் உட்கார்ந்ததும் சமையலறையில் டிரம் உறுமியது. எழுந்தார், நின்றது. உட்கார்ந்தார், உறுமியது.

"எலிங்களா?" என்றார்.

"பெருச்சாளிங்க. பயப்படாதீங்க, சீர்ல சேராது" என்றேன்.

நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார். இந்தக் காலத்து மனிதர்களுக்குக் கிண்டல் ஏறுவதில்லை.

இந்த டைரி டயர் கடையில் ஓசியில் கொடுத்தது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுதச் சொன்னது ஜமால் பாய். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். கார் ஓட்டும் கிறுக்கை எனக்கு ஒட்டவைத்ததும் அவர்தான். "கோளாறு எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு நாள் போட்டு எழுதி வை மாப்ள. அப்பத்தான் ரேடியோவுல எங்க பழுதுன்னு சொல்ல முடியும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

கோளாறு இதுதான். கார் பாறை மேல் சும்மா நிற்கும்போது அதன் முன் சக்கரம் இரண்டும் குளிரில் நிற்கும் ஆள் மாதிரி நடுங்குகின்றன.


ஜனவரி 6, திங்கள்

நேற்று பாதியில் தூங்கிவிட்டேன். மீதி இது.

பொம்மை என்றேனே தவிர, கடையில் பிள்ளைகள் அழுது வாங்குகிற சாமான் இல்லை. பாறை ஏறும் கார். கிராலர் என்பார்கள். ஓடாது, ஊரும். செங்குத்தான பாறையில் எந்தச் சக்கரத்தை எந்த விளிம்பில் வைப்பது என்று யோசித்து யோசித்து ஏற்ற வேண்டும். என் பிழைப்பும் அதுதான். பைபாஸில் கவிழ்ந்த லாரியை ரெக்கவரி கிரேனில் தூக்கி நிறுத்துகிறேன். அங்கே பெரிய வண்டி, இங்கே சின்ன வண்டி. இரண்டிலும் அவசரப்பட்டவன் கெட்டான்.

ரேடியோ என்றால் பாட்டுக் கேட்பது இல்லை. காரை ஓட்டும் ரிமோட்டைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். துப்பாக்கி மாதிரி இருக்கும். இடது கையில் பிடித்து விரலால் விசையை இழுத்தால் கார் நகரும். பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம். அதை வலது கையால் திருப்பினால் கார் திரும்பும். மார்ச் முதல் ஞாயிறு மொட்டைப் பாறையில் போட்டி வைத்திருக்கிறோம். அதற்குள் இந்த ரேடியோவைச் சரி பண்ண வேண்டும், அல்லது புதிது வாங்க வேண்டும்.


ஜனவரி 9, வியாழன்

கோளாறு: காலையில் உண்டு. மத்தியானம் உண்டு. சாயங்காலம் பார்க்கவில்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது.


ஜனவரி 12, ஞாயிறு

மொட்டைப் பாறைக்குப் போனோம். நான், பாய், மேனேஜர். மேனேஜர் என்றால் கனகசபை சார், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். வாரா வாரம் பாறை மேல் பேப்பர் விரித்து, அதன் மேல் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்து, ஊறுகாயைத் தனி டப்பாவில் வைத்து, அப்புறம்தான் காரை எடுப்பார். யாருக்கும் ஒரு வாய் கொடுத்ததில்லை. "லோன்தான் தர மாட்டீங்க, சோறுமா?" என்று கேட்டுப் பார்த்தாயிற்று.

பாறையில் குச்சி நட்டு ரிப்பன் கட்டி வாசல் வாசலாக வைத்திருக்கிறோம். கார் அதற்குள் குச்சியைத் தொடாமல் நுழைய வேண்டும். இரண்டாம் வாசலில் என் சக்கரம் ஆடி ஆடிக் குச்சியைத் தட்டிவிட்டது.

"என்ன செங்கோடன், வண்டிக்கு ஜன்னியா?" என்றார் மேனேஜர்.

"வேணும்னே ஆட்டறனுங்க சார். அப்படி ஆட்டினா டயர் பாறையப் புடிக்கும். உங்களுக்கு அந்த வித்தை வராது."

அப்படி ஆட்டி ஏற்றும் முறை உண்டு என்பது உண்மைதான். பாய் காரைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது மேனேஜர் சொன்னார்: "ஏங்க, வலது கைய வீசியே நடக்க மாட்டேங்கிறீங்க. குடை புடிச்ச மாதிரி வர்றீங்க." வெயிலுக்கு என்றேன்.


ஜனவரி 14, பொங்கல்

பால் பொங்கும்போது அரிசியைக் கையில் அள்ளிப் போட்டேன். பாதி பானைக்குள், பாதி அடுப்புக்குள். தனக்கொடி பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, கை ஆடுதுங்க. நானும் தீவாளியில இருந்து பாக்கறன். சேலத்துக்குப் போயி ஒரு டாக்டரப் பாத்துட்டு வந்தரலாம்ங்க."

"அது ரேடியோ புள்ள."

"அரிசி போடறதுக்கு எதுக்குங்க ரேடியோ?"

பொங்கலன்று வீட்டுக்காரியோடு வாயாடக் கூடாது என்று விட்டுவிட்டேன். அவள் சொல்வது அவளுக்கு லேசு. கை ஆடும் ஆளை எந்த முதலாளியும் கிரேனில் உட்கார வைக்க மாட்டான். இருபது டன் லாரி அந்தரத்தில் தொங்கும்போது அதற்குக் கீழே ஆள் நிற்கிறான். கை ஆடினால் கிரேன் போச்சு. கிரேன் போனால் எனக்கு வேறு ஒரு வேலையும் தெரியாது.

நல்லவேளை, ஆடுவது ரேடியோதான்.


ஜனவரி 19, ஞாயிறு

முன் சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டாரைப் பாய் மாற்றிப் போட்டார். கோளாறு நிற்கவில்லை. வயரை மாற்றினார். நிற்கவில்லை. அப்புறம் ரேடியோவை என் கையிலிருந்து வாங்கி, தானே பிடித்துப் பார்த்தார். சக்கரம் ஆணி அடித்த மாதிரி நின்றது. என்னிடம் கொடுத்தார், ஆடியது. வாங்கினார், நின்றது.

கோளாறுகள் அப்படித்தான். மெக்கானிக்கைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். கிரேனிலும் பார்த்திருக்கிறேன்.

பாய் ரொம்ப நேரம் ரேடியோவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"புதுசு ஒண்ணு பாத்துரலாம் மாப்ள" என்றார்.


ஜனவரி 21, செவ்வாய்

மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். பொண்ணுடைய அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

நானா? கல்யாண வீட்டில் கல்லையும் சிரிக்க வைப்பவன் என்று என்னைச் சொல்வார்கள். ஓசூரில் வேலையில் இருக்கும் மகளுக்குத் தனக்கொடி போன் போட்டாள். "நல்லதாப் போச்சும்மா, அந்தாளு காதுல முடி இருந்துச்சு" என்றாள் மகள். என் பிள்ளை. ஆனால் போனை வைத்த பிறகு தனக்கொடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தொலைத்த சாமானைத் தேடுகிற மாதிரி.

கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். சிரித்துப் பார்த்தேன். கண்ணாடி பழசு.


ஜனவரி 25, சனி

பாய் கடையில் ரேடியோ பார்த்தோம். பெங்களூரிலிருந்து மூன்று வரவழைத்து வைத்திருந்தார், பிடிக்காததைத் திருப்பி அனுப்பலாமாம். மேசை மேல் என் காரை ஒரு செங்கல்லில் ஏற்றி, நாலு சக்கரமும் அந்தரத்தில் இருக்கும்படி வைத்தார்.

முதலாவது, இரண்டு குச்சி வைத்த தட்டை ரேடியோ. ஏரோப்ளேன் விடுகிறவர்கள் வைத்திருப்பார்கள். கட்டை விரலை வைத்தேன். கார் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆனது.

இரண்டாவது, இறகு மாதிரி லேசு. பிடித்திருப்பதே தெரியவில்லை. அதில் இன்னும் மோசம்.

மூன்றாவது கனம். சக்கரம் பெரிது, அதற்கு ரப்பர் உறை. நடுவில் ஒரு குட்டித் திரை. அதில் என்னென்னவோ எழுத்து வருகிறது. ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

"மூணுமே ஒரே கம்பெனிச் சரக்கா பாய்? ஒரே மாதிரி கோளாறு பண்ணுது."

"இருக்கும் மாப்ள."

"பெரிசையே எடுத்துக்கறன். கிரேன் ஸ்டீயரிங் மாதிரி இருக்கு."

"எடுத்துக்க. ஆனா ஒரு வாரம் எங்கிட்ட இருக்கட்டும். செட்டிங் எல்லாம் போட்டுத் தர்றேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

விலையை இங்கே எழுதவில்லை. தனக்கொடி எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.


ஜனவரி 31, வெள்ளி

என் எழுத்து சின்னதாகிவிட்டது என்று முந்தின பக்கங்களைப் புரட்டியபோது தெரிந்தது. ஒவ்வொரு வரியும் பெரிதாகத் தொடங்கி எறும்பு மாதிரி முடிகிறது. காகிதம் மிச்சம்.


பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று எழுத வேண்டியது நிறைய. புது ரேடியோ வந்துவிட்டது. மொட்டைப் பாறையில் வைத்துப் பாய் அதை என் கையில் கொடுத்தார். விசையைத் தொட்டேன். கார் நகர்ந்தது. நிறுத்தினேன். முன் சக்கரத்தைப் பார்த்தேன். ஆடவில்லை.

இன்னும் ஏற்றினேன். மூன்றாம் வாசலுக்கு முன்னால் ஒரு மூக்குப் பாறை இருக்கிறது. அதில் ஒரு பக்கச் சக்கரம் அந்தரத்தில் நிற்க, மறுபக்கத்தை விரற்கடை விரற்கடையாக நகர்த்த வேண்டும். ஏறியது. ஒரு குச்சியும் ஆடவில்லை, ஒரு சக்கரமும் ஆடவில்லை.

"பாத்தீங்களா பாய், நான் என்ன சொன்னன்? பழைய ரேடியோதான்."

"ஆமா மாப்ள" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாறையில் தூசி.

வீட்டுக்கு வந்ததும் தனக்கொடியிடம் சொன்னேன். அவள் எனக்குத் தெரியாமல் சேலத்தில் டாக்டரிடம் தேதி வாங்கி வைத்திருந்தாள். வேண்டாம் என்று போன் போட வைத்தேன். "ரேடியோ மாத்துனதும் நின்னு போச்சு பாரு. கை ஆடியிருந்தா நின்னிருக்குமா?" என்றேன். எனக்கு இன்று இரண்டு இட்லி அதிகமாக இறங்கியது.


பிப்ரவரி 6, வியாழன்

பைபாஸில் தேங்காய் லாரி. பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. வழக்கமான வேலை. கொக்கியை இறக்கும்போது லீவர் உதறியது. கொக்கி ஒரு பக்கமாக வீசி, கீழே நின்ற லாரி டிரைவரின் தலைத்துண்டைத் தட்டி எடுத்துக்கொண்டு போனது.

தலை துண்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

அவன் குனிந்து துண்டை எடுத்து உதறி மறுபடியும் கட்டிக்கொண்டான். கை அவனுக்கும் நடுங்கியது. "பாத்துங்ண்ணா" என்றான், அவ்வளவுதான். நான் ஒரு கிண்டல் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

ஹைட்ராலிக் ஆயிலில் காற்றுப் புகுந்திருக்கும். முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.


பிப்ரவரி 7, வெள்ளி

ஆயில் மாற்றினார்கள். காற்று இல்லையாம்.


பிப்ரவரி 9, ஞாயிறு

மேனேஜர் என் புது ரேடியோவைக் கொஞ்சம் கொடுங்கள் என்றார். சோறு தராத மனிதருக்கு ரேடியோவா என்று கேட்டுவிட்டுக் கொடுத்தேன்.

திருப்பிப் பார்த்தார். "என்னங்க இது, செத்த பாம்பாட்டம் கெடக்குது? நடுவுல சக்கரத்த அசைச்சா ஒண்ணுமே நடக்கல. பெரிசாத் திருப்பினாத்தான் கார் திரும்புது."

குட்டித் திரையில் எதையோ அழுத்தினார். "அட, யாரோ இத மந்தமா வச்சிருக்காங்க. சின்னச் சின்ன அசைவெல்லாம் காருக்கே போகாது. கன்னா பின்னான்னு நடுங்கற கைக்கு வைக்கற மாதிரி வச்சிருக்கு. புது ரேடியோவ இப்படி வச்சா வீணுங்க. இருங்க, எல்லாத்தையும் பழையபடி ஆக்கித் தர்றேன்."

"சார், விடுங்க" என்றார் பாய்.

அதற்குள் ஆக்கிவிட்டார். அவர் கையில் கார் அசையாமல் நின்றது. என் கையில் கொடுத்தார்.

சக்கரம் இரண்டும் ஆடின.

நான் பாயைப் பார்த்தேன். பாய் பாறையைப் பார்த்தார். மேனேஜர் என்னையும் பாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ செய்துவிட்டோம் என்று புரிந்த ஆளாக, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தயிர்சாத டப்பாவை என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. பசியில்லை.


பிப்ரவரி 10, திங்கள்

வண்டி எடுக்கவில்லை. வயிற்றுவலி என்று முதலாளிக்குச் சொன்னேன்.


பிப்ரவரி 12, புதன்

வயிற்றுவலியோடு பாய் கடைக்குப் போனேன். அவர் ஒரு போனைப் பிரித்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் திருப்புளியை மேசையில் வைத்தார்.

"ஏன் பாய் சொல்லல?"

"எப்படி மாப்ள சொல்றது? மூணு ரேடியோவயும் ஒரே கம்பெனிச் சரக்கான்னு கேட்ட பாரு. அப்ப உன் முகத்தப் பாத்தேன். அதுக்கு மேல என் நாக்கு எழலே."

"என் முகத்துல ஒண்ணும் தெரியறதில்லையாமே. ஊரே சொல்லுது."

"எனக்குத் தெரிஞ்சுது."

நான் தேங்காய் லாரியைச் சொன்னேன். கொக்கி போன வழியைச் சொன்னேன். துண்டைச் சொன்னேன். ரேடியோ மாற்றியதும் ஆட்டம் நின்றது, அதனால் கை நல்ல கை என்று நம்பித்தான் அன்றைக்கு ஏறி உட்கார்ந்தேன், டாக்டரைக்கூட வேண்டாம் என்றேன் என்று சொன்னேன். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். பாதிக்கு மேல் திட்ட வரவில்லை.

"நான் வெறும் கார்தான்னு நெனச்சேன் மாப்ள" என்றார் பாய். "மாசம் நாலு ஞாயித்துக்கிழமை நீ சந்தோசமா இருக்கட்டும்னு நெனச்சேன். அல்லா சத்தியமா கிரேன் நெனப்பே வரல."

கடைக்கு ஒரு பொம்பளை போன் வாங்க வந்தாள். இரண்டு கிழட்டு ஆம்பளைகள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாள்.

கிளம்பும்போது சொன்னேன்: "செட்டிங் நல்லாத்தான் போட்டிருந்தீங்க பாய். மூக்குப் பாறை ஏறிருச்சு."


பிப்ரவரி 13, வியாழன்

தனக்கொடியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கைதான் புள்ள. ரேடியோ இல்ல."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடமாக என்னிடம் ஏமாந்தவள். செத்துப்போன மாதிரி படுத்துக் கிடந்து ஏமாற்றியிருக்கிறேன், அவள் அண்ணன் லாட்டரி ஜெயித்ததாக ஏமாற்றியிருக்கிறேன். முன்பெல்லாம் என் வாய் ஓரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். இப்போது பார்க்கிறாள், பார்க்கிறாள், அங்கே ஒன்றும் எழுதியில்லை.

"வெளையாடறீங்களா, நெசமாச் சொல்றீங்களா? தெரியலீங்க. இப்பெல்லாம் எனக்குத் தெரியவே மாட்டேங்குதுங்க."

அவள் கையை எடுத்து என் வலது கை மேல் வைத்தேன். அவள் அதைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள். வெங்காயத்துக்கு நல்ல காரம். இரண்டு பேருக்குமே.


பிப்ரவரி 17, திங்கள்

சேலம். நரம்பு டாக்டர், சின்ன வயசுப் பொண்ணு. விரலைத் தட்டச் சொன்னார். தட்டினேன். நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன். ஒரு வரி எழுதச் சொன்னார். "டாக்டர் அம்மா நல்லவர், ஊசி போட மாட்டார்" என்று எழுதினேன். கடைசி எழுத்துக்கு வரும்போது டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"சிரிங்க பாப்போம்" என்றார்.

"சிரிச்சுக்கிட்டுத்தானுங்க இருக்கறன்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். தனக்கொடி ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தாள். வெளியே சைக்கிள் ஸ்டாண்டுதான் இருந்தது.

நோய்க்கு ஒரு வெள்ளைக்காரர் பேர், வாயில் நிற்கவில்லை. நடுக்குவாதம் என்று டாக்டரே தமிழில் சொன்னார். அது ஆளைக் கொல்லாது, கூடவே வரும் என்றார். மாத்திரையை நேரத்துக்குப் போட்டால் வருடக்கணக்கில் நன்றாக ஓட்டலாம் என்றார். எதை என்று கேட்டேன். வாழ்க்கையை என்றார். கிரேனையா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். இல்லை என்கிற ஆட்டம்.


பிப்ரவரி 20, வியாழன்

கிரேன் சாவியை முதலாளி பெரியண்ணன் மேசையில் வைத்தேன். கையில் இருந்தவரை கிலுகிலு என்று இருந்தது. மேசையில் வைத்ததும் நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கீழ நின்னு ஆளுக்கு வழி சொல்லு செங்கோடா. எந்த லாரிய எங்க புடிச்சுத் தூக்கணும்னு உன் கண்ணுக்குத் தெரியற மாதிரி எவனுக்குத் தெரியும்?"

"கண்ணும் ஆடுனா என்ன பண்றதுங்க?"

அவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார். கிண்டல் என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. இனிமேல் ஒவ்வொரு கிண்டலுக்கும் கீழே கிண்டல் என்று போர்டு மாட்ட வேண்டும்.

கிரேனில் என் இருக்கையில் போட்டிருந்த பழைய போர்வையை எடுத்துக்கொண்டு வந்தேன். தனக்கொடி துவைக்க எடுத்தாள். இப்போது வேண்டாம் என்றேன்.


பிப்ரவரி 22, சனி

ஒன்றும் இல்லை. மழையும் இல்லை.


பிப்ரவரி 23, ஞாயிறு

போட்டிக்கு வரவில்லை என்று சொல்லத்தான் பாய் கடைக்குப் போனேன். ரேடியோவையும் கையில் எடுத்துப் போனேன், திருப்பி அனுப்பிவிடலாம் என்று. பாய் வாங்கவில்லை. மேசையில் செங்கல்லை வைத்து அதன் மேல் காரை ஏற்றினார். போன மாதம் பண்ணிய மாதிரியே. இந்தத் தடவை இரண்டு பேரும் உண்மையைப் பேசிக்கொண்டே பார்த்தோம்.

"மாத்தர எப்ப போட்ட?"

"எட்டு மணிக்கு."

"இப்பப் புடி. கையத் தூக்கிப் புடிக்காத, மணிக்கட்ட வயித்துல அண்டக் குடு."

ஆட்டம் பாதியாகக் குறைந்தது. கனமான ரேடியோவை எடுத்தது நல்லதுதானாம், கனம் கையை அமுக்கிப் பிடிக்கிறதாம். பழைய பெல்ட் ஒன்றில் கொக்கி வைத்துக் கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டார். பெரிய கிரேன்காரர்கள் ரிமோட்டை இப்படித்தான் வயிற்றில் கட்டியிருப்பார்கள். நான் இரண்டு தடவை இருமினேன்.

"இப்ப மந்தம் வைக்கறேன். எவ்வளவுன்னு நீ சொல்லு" என்றார். திரையில் ஒவ்வொன்றாக ஏற்றினார். சக்கரம் கொஞ்சமாக ஆடும் இடத்தில் போதும் என்றேன். முழுசாக நிறுத்த வேண்டாம், நான் எந்த மட்டில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேன்.

இந்த ரேடியோவில் பல ஆளுக்குப் பல விதமாகப் பதிந்து வைக்கலாமாம். முதல் பேர் செங்கோடன் என்று போட்டார். அடுத்த பேர் காலியாக இருந்தது.

"அது மந்தமில்லாம இருக்கட்டும் பாய். தனக்கொடின்னு போடுங்க."

"தங்கச்சி ஓட்டுமா?"

"அரிசி டிரம்முல ஓட்டிப் பழகியிருக்கறா."

பாய் சிரித்தார். போர்டு மாட்டாமலே சிரித்தார்.


மார்ச் 2, ஞாயிறு

போட்டி. சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் என் கழுத்து பெல்ட்டைப் பார்த்தார்கள். மேனேஜர் அவர்களிடம், "அது புது மாடல்" என்று முறைப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

என் முறை வரும்போது மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. ஒன்றாம் வாசல் நுழைந்தேன். இரண்டில் குச்சியைத் தொட்டேன், விழவில்லை. மூக்குப் பாறையில் பாதி ஏறியபோது வலது கை தன் வேலையை ஆரம்பித்தது. சக்கரம் ஆடியது. மூச்சைப் பிடித்தேன். மணிக்கட்டை வயிற்றில் அமுக்கினேன். அது நிற்கவில்லை. கார் கவிழவும் இல்லை, ஏறவும் இல்லை, நடுப்பாறையில் குளிர்காய்ச்சல்காரன் மாதிரி நின்றது. நேரம் முடிந்தது என்று விசில் ஊதினார்கள். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. இரக்கத்துக்குத் தட்டும் சத்தம் தனியாகத் தெரியும்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். காரை எடுக்க நான் ஏறப் போனேன். தனக்கொடி தடுத்தாள். அவள் இந்தப் பாறைக்கு வந்தது இன்றைக்குத்தான்.

"அத எதுக்குங்க தூக்கிட்டு வர்றீங்க? மீதிய ஏத்திட்டு வரலாம்ங்க."

"என் கை நின்னாத்தான?"

"எம்பேரு ஒண்ணு அதுல இருக்குதுன்னு பாய் அண்ணன் சொன்னாரு."

பெல்ட்டைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினேன். பாய் திரையில் பேரை மாற்றினார். நான் காருக்குப் பக்கத்தில் பாறையில் குந்தினேன். லாரி தூக்கும்போது கீழே நிற்கிற மாதிரி.

"இடது டயர அந்த வரப்புல வையி. விரல மெதுவா இழு. மெதுவா. போதும். இப்ப வலது பக்கம் ஒடி. இன்னும். அங்க நில்லு, அது வழுக்கற எடம்."

கார் ஏறியது. முன் சக்கரம் ஆடவே இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு எங்கேயோ வலித்தது. அந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாம் வாசல் தாண்டியது. நான்காவது தாண்டியது. காலையில் இருந்து யாரும் ஒரு குச்சியும் தொடாமல் அந்த இரண்டையும் தாண்டவில்லை. தனக்கொடியின் நாக்கு உதட்டோரம் வெளியே வந்திருந்தது. ஊசியில் நூல் கோக்கும்போது அப்படித்தான் வைத்துக்கொள்வாள்.

உச்சியில் மேனேஜர் பேப்பர் விரித்திருந்தார். டப்பா திறந்திருந்தது. அவர் கை கழுவப் போயிருந்தார்.

"நிறுத்து" என்றேன்.

தனக்கொடி என் முகத்தைப் பார்த்தாள், விளையாட்டா நிஜமா என்று.

"நெசமாத்தான் புள்ள. நிறுத்து."

இன்னும் உற்றுப் பார்த்தாள். விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

கார் மேனேஜரின் தயிர்சாதத்தில் ஏறி நின்றது. ஊறுகாய் தனி டப்பாவில் இருந்ததால் அவர் அதை மட்டும் சாப்பிட்டார்.